லிப்டுக்கு எட்டாவது அர்த்தம்

முகம்மது கனிக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மொத்தம் பதினொன்று. அவற்றில் ஆறு, கப்பல்காரர்கள் கோபத்தில் சொல்லக் கேட்டவை. நாலு பேர் நடுவில் சொல்ல முடியாதவை. மீதி ஐந்தை வைத்துக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் வின்ச் ஓட்டிவிட்டார். கப்பலின் அடிவயிற்றிலிருந்து அரிசி மூட்டையையும் ஆவி இயந்திரத்தையும் ஒருமுறை உயிரோடு ஒரு யானையையும் மேலே தூக்கி, படகில் இறக்கியவர். இத்தனையிலும் ஒருத்தன் சுண்டுவிரல்கூட நசுங்கியதில்லை. இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் யாராவது கேட்கமாட்டார்களா என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நிற்பார்.

வின்ச் ஓட்டுகிறவனுக்குத் தான் தூக்கும் சாமான் கண்ணில் தெரியாது. அது கீழே இருட்டில் கிடக்கும். கப்பலின் சரக்கறை விளிம்பில் கைகாட்டி என்று ஓர் ஆள் நிற்பான். அவன் கை மேலே போனால் தூக்க வேண்டும். கீழே போனால் இறக்க வேண்டும். விரலை மடக்கினால் நிறுத்த வேண்டும். அவன் கை அசையாதவரை யார் என்ன கத்தினாலும் லீவரைத் தொடக்கூடாது. கனியின் கைகாட்டி வேலு. ஒருநாள் கப்பல் காப்டனே நேரில் வந்து தொண்டை கிழியக் கத்தினார். கனி காப்டன் பக்கம் திரும்பவே இல்லை, வேலுவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலு தும்மிக்கொண்டிருந்தான். அவன் தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக் கையைத் தூக்கும்வரை ஏழாயிரம் டன் கப்பல் ஒன்று காத்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. ஈயத்தின் விலை விழுந்தது. அவற்றைப் பார்த்துவிட்டுக் கப்பல்களும் வருவதைக் குறைத்துக்கொண்டன. வேலு ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டான். கனி தினமும் காலையில் சோற்றுத் தூக்கோடு துறைமுகத்துக்குப் போய், மத்தியானம் அதே தூக்கோடு திரும்பி வந்தார். இரண்டு மாதம் இப்படிப் போனது. அவர் மனைவி நூர்ஜான் ஒன்றும் சொல்லவில்லை. நூர்ஜான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் முன்னெப்போதும் நடக்காத காரியம் என்பதால் கனிக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் பீச் ஸ்ட்ரீட்டில் நாலு மாடிக் கடை ஒன்று லிப்டு வைத்தது. அதை ஓட்ட ஆள் வேண்டும் என்று வாசலில் பலகை தொங்கியது. அதைப் படித்துவிட்டு வந்து சொன்னவன் நூர்ஜானின் தம்பி ஜபருல்லா. சிங்கப்பூர் காலேஜில் படிக்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். படிப்பு எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்றால், அக்காள் கையால் மீன் ஆணம் ஊற்றும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் அகராதி இருந்தது.

"மச்சான், இது உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலை. ஆனா தொரை இங்கிலீஷ்ல கேள்வி கேப்பான். லிப்டுன்னா என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தூக்கறது."

"அது ஒரு அர்த்தம். அகராதியில ஏழு இருக்கு."

கனி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு வேலைக்கு எதுக்குடா ஏழு?"

ஜபருல்லா விரல் மடக்கினான். "தூக்கறது ஒண்ணு. தூக்கற இந்தப் பெட்டி ரெண்டு. ரோட்டுல நடந்து போறவனை நம்ம கரேத்தாவுல, அதான் மோட்டார் காருல, ஏத்திக்கிட்டுப் போனா அதுவும் லிப்டுதான், அது மூணு. கடையில சாமானைக் களவாண்டா நாலு."

"களவுக்குமா?"

"ஆமா மச்சான். வெள்ளைக்காரன் நானூறு வருஷமா அப்படித்தான் சொல்றான். அனுபவம் இருக்குல்ல. சர்க்கார் போட்ட தடையை எடுத்தா அஞ்சு. மலையில மூடுபனி விலகினா ஆறு. மண்ணுக்குள்ள கெடக்கற உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்தா ஏழு."

"கெழங்கு புடுங்கறவனும் லிப்டு, களவாணிப் பயலும் லிப்டு, ஏறிப் போறவனும் லிப்டு." கனி யோசித்தார். "பாவம், அவங்ககிட்ட வார்த்தை பத்தலை போல."

"பத்தாம இல்ல, மச்சான். ஒரு சொல்லு சும்மா உக்காந்திருக்காது. ஆதியில அது வடக்கு நாட்டுக் கப்பல்காரங்க பேச்சு. காத்துன்னு அர்த்தம் உள்ள சொல்லுலேர்ந்து பொறந்துச்சாம். பொருளைக் காத்துல ஏத்தறதுதான் லிப்டு. அப்புறம் யார் யார் என்னத்தைத் தூக்கினாங்களோ, அவங்க அவங்க பங்குக்கு ஒரு அர்த்தத்தை ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

கனிக்கு அது பிடித்திருந்தது. கப்பல்காரன் பேச்சு என்றதும் அந்தச் சொல்லின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து ஏழு அர்த்தத்தையும் மனப்பாடம் செய்தார். நாலாவதை மட்டும், துரை கேட்டாலொழியச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார்.

துரை எதையுமே கேட்கவில்லை.

கடை மானேஜர் ஹார்லண்டு துரை, சந்தை மலாய் பேசும் ஒல்லியான மனிதர். கையில் சாஸரோடு ஒரு கோப்பைத் தேநீர் வைத்திருந்தார். சோதனை அவ்வளவுதான்: அவர் உள்ளே நிற்பார், தேநீர் சிந்தக்கூடாது, நாலு மாடியிலும் லிப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்தக் காலத்து லிப்டில் பொத்தான் கிடையாது. பித்தளைக் கைப்பிடி ஒன்றுதான். சரியான இடத்தில் நிறுத்துவது ஓட்டுகிறவன் கைச்சாமர்த்தியம்.

முதல் ஆள் ஹோட்டலில் வேலை பார்த்தவர். இரண்டாம் மாடிக்கு ஒரு முழம் மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கிக்கொள்ளச் சொல்லிப் பணிவாகக் கை நீட்டினார். பாதித் தேநீர் சாஸருக்குப் போயிற்று. அடுத்தவர் மோட்டார் டிரைவர். கிளம்பும்போது இல்லாத ஹாரனை அடித்தார். நிற்கும்போது இல்லாத பிரேக்கை மிதித்தார். மீதித் தேநீர் துரையின் கால்சட்டைக்குப் போயிற்று. துரை முகம் மாறாமல் வேறு கோப்பை வரவழைத்தார்.

மூன்றாவதாகக் கனி உள்ளே போனார். இரும்பு வலைக்கதவைச் சாத்தினார். கைப்பிடியைப் பிடித்தார். நின்றார்.

லிப்டு நகரவில்லை.

"நாயேக்," என்றார் துரை. மேலே போ என்று அர்த்தம்.

கனி அசையவில்லை. துரை மூன்று தடவை சொன்னார். தேநீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் அதுவரை வந்தவர்களில் கனிதான் முதலிடம். ஆனால் துரை அந்தக் கணக்குப் பார்க்கிறவராகத் தெரியவில்லை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

போக வேண்டும் என்று கனிக்குத் தெரியும். வீட்டில் நூர்ஜான் பேசாமல் இருப்பதும் தெரியும். கைப்பிடியை ஓர் அங்குலம் தள்ளினால் போதும். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கை இன்னொரு கையைப் பார்க்காமல் எதையும் தூக்கியதில்லை. மூளை உத்தரவு கொடுத்தது. கை கேட்க மறுத்தது. அவர் கண் வலைக்கதவுக்கு வெளியே வேலுவைத் தேடியது. வேலு அந்நேரம் நாகப்பட்டினத்தில் இருந்தான்.

வெளியே நின்ற ஜபருல்லா இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் துறைமுகத்துக்கு மச்சானுக்குச் சோறு கொண்டுபோன பையன் அவன். எதற்காக நிற்கிறார் என்று அவனுக்குத் திடீரென்று விளங்கிவிட்டது. இரண்டடி முன்னால் வந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

லிப்டு ஏறியது. ஏறியதே தெரியாமல் ஏறியது. துரை கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை.

ஜபருல்லா படிக்கட்டில் ஓடினான். லிப்டு மெதுவாக ஏறுகிற ரகம் என்பதால் அவன் முதலில் போய்ச் சேர்ந்தான், விரலை மடக்கினான். லிப்டு நின்றது. துரை குனிந்து, லிப்டுத் தரையும் மாடித் தரையும் சேரும் இடத்தில் பூட்ஸ் நுனியை வைத்து இழுத்துப் பார்த்தார். தட்டவில்லை. ஜபருல்லா கையைத் தூக்கினான், லிப்டு கிளம்பியது, ஜபருல்லா ஓடினான். நாலாம் மாடியில் அவன் விரலை மடக்கிவிட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். அவன் காலேஜில் படித்தது எதுவும் அந்தப் படிக்கட்டில் உதவவில்லை.

துரை மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தார். "இந்தப் பையன் தினமும் ஓடுவானா?" என்று மலாயில் கேட்டார்.

"மாட்டேன்," என்றான் ஜபருல்லா தரையிலிருந்தபடி.

கனி துரை பக்கம் திரும்பினார். அவருக்கும் சந்தை மலாய் வரும். "நிறுத்தறது என் பொறுப்பு, தொரை. தரை கண்ணுக்குத் தெரியுது, யாரும் கை காட்ட வேணாம். ஆனா கெளப்பறதுக்கு ஒரு கை வேணும். உள்ளே நிக்கறவங்களே தூக்கட்டும். அத்தனை பேர் கையும் மேலே போனாத்தான் வண்டி போகும். ஒருத்தர் தூக்காட்டியும் நிக்கும். பன்னெண்டு வருஷத்துல நான் யாரையும் காயப்படுத்தினது இல்ல."

துரை காலிக் கோப்பையைப் பார்த்தார். சுத்தமான சாஸரைப் பார்த்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை வருவார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே நூர்ஜான் பேசத் தொடங்கிவிட்டாள். கனிக்கு உயிர் வந்தது.

அந்த ஒரு மாதத்தில் ஜார்ஜ் டவுன் கை தூக்கக் கற்றுக்கொண்டது. முதலில் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். பிறகு சும்மா தூக்கினார்கள். சீனத் தவுக்கே முதலாளி குடையோடு தூக்கினார். பூப்போட்ட சரோங் கட்டிய நோன்யாச் சீனப் பெண்கள் விசிறியைத் தூக்கினார்கள். போலீஸ் சார்ஜண்டு ஒருவர் தூக்கும்போது பழக்க தோஷத்தில் சலாமும் வைத்தார். குழந்தைகள் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் கையுறைக்குள் சுண்டுவிரலை அசைத்துப் பார்த்தாள். கனி தோளுக்கு மேல் வராத கையைக் கை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த அம்மாள் மூன்றாவது நிமிஷத்தில் தூக்கினாள். அடுத்த வாரம் தன் சிநேகிதியை அழைத்து வந்து, எப்படித் தூக்க வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள்.

பழக்கம் கடையை விட்டு வெளியே வந்தது. சூலியா ஸ்ட்ரீட் காப்பிக்கடையில் இன்னொரு தேநீர் வேண்டுமென்றால் "மாமு, லிப்டு," என்று கையைத் தூக்கினார்கள். வாத்தியார் ஒருவர் வகுப்பில், "லிப்டு கொடுத்துட்டுப் பேசுலா, சும்மா கத்தாதே," என்றார். வாலிபர் சங்கத்துக் கூட்டக் குறிப்பில், தீர்மானத்துக்கு லிப்டு கொடுத்தவர்கள் பதினாலு பேர், கொடுக்காதவர் பொருளாளர் என்று பதிவாகியிருந்தது. ஜபருல்லா தன் நோட்டில் எட்டாவது அர்த்தம் என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டான்: நான் தயார், என்னை நம்பிக் கிளப்பலாம் என்று கை உயர்த்தித் தெரிவிப்பது, வழங்கும் இடம் பினாங்கு, உண்டாக்கியவர் முகம்மது கனி. அதைப் படித்துக் காட்டியபோது கனி காது கேளாதவர் போல இருந்துவிட்டு, "கடைசி வரி என்ன சொன்னே?" என்றார். ஜபருல்லா இன்னொரு தடவை படித்தான். "இல்ல, கொஞ்சம் சத்தமா," என்றார். அடுப்படியில் நூர்ஜான் இருந்தாள்.

மாதம் முடிய ஒருநாள் இருக்கையில் ஹார்லண்டு துரை கனியைக் கூப்பிட்டார். பெரிய துரை நாளைக்கு வருகிறார். கை தூக்கும் விஷயம் சிங்கப்பூர்வரை போய்விட்டது. முதலாளியே ஒரு லிப்டுக்காரனுக்குக் கை தூக்குவதா என்று அங்கே சிரிக்கிறார்களாம். நாளைக்கு ஒருநாள் மட்டும், நாயேக் என்றால் போய்விட வேண்டும்.

கனி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். நூர்ஜான் அவருடைய சிவப்புக் கோட்டின் பித்தளைப் பொத்தானைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்தானே, ஏங்க. யாரும் பார்க்கப் போறதில்ல."

"நான் பார்ப்பேனே."

நூர்ஜான் அடுத்த பொத்தானுக்குப் போனாள். "மறுபடியும் அந்தச் சோத்துத் தூக்கு அப்படியே திரும்பி வரும்."

"வரும்."

"அப்ப சோத்தைக் கொஞ்சமா வச்சு அனுப்பறேன். வீணாகாது." கோட்டை உதறி மாட்டினாள். "யானையைத் தூக்கின ஆளு, ஒரு தொரைக்கு ஏன் பயப்படணும்?"

மறுநாள் பத்து மணிக்குப் பெரிய துரை வந்தார். பெரிய என்பது பதவியைப் பற்றிய சொல் மட்டுமல்ல. அவர் நுழைந்ததும் லிப்டில் பாதி இடம் தீர்ந்துவிட்டது. ஹார்லண்டு துரை ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். அவர்களுக்கு முன்பே ஒரு பெண்பிள்ளை உள்ளே ஏறியிருந்தார். சோமசுந்தரம் செட்டியார் வீட்டு விசாலம் ஆச்சி. காரைக்குடியிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டாம் மாடியில் எனாமல் அடுக்கு வாங்கப் போகிறார். முதல் தடவை லிப்டு ஏறுகிறவர். சின்ன அறை, பித்தளைக் கம்பி, உச்சியில் ஒரு விளக்கு. அதைப் பார்த்ததும் நம்மவர்களில் பல பேர் செய்வதையே ஆச்சியும் செய்தார்: செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

கனி வலைக்கதவைச் சாத்தினார். கைப்பிடியில் கை வைத்தார். ஏறியவர்கள் மூன்று பேர். ஹார்லண்டு துரையின் கை, பெரிய துரைக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் தோளுக்கு மேல் வந்திருந்தது. ஒன்று. பெரிய துரையின் கை இரண்டும் கோட்டுப் பையில். ஆச்சியைப் பெரிய துரை மறைத்துக்கொண்டிருந்தார். கை எதுவும் மேலே தெரியவில்லை.

"நாயேக்," என்றார் பெரிய துரை.

கனி பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாயேக்." இந்தத் தடவை அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. கடையில் சாமான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹார்லண்டு துரையின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆயிற்று. அவர் கனியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அது உத்தரவு இல்லை, கெஞ்சல்.

கனி கைப்பிடியை விட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். துறைமுகத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கோட்டின் பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. இதைக் கழற்றும்போது மடித்துக் கொடுக்க வேண்டும், சுருட்டிக் கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய துரை வாயைத் திறந்தார். ஆனால் பேச்சு வந்தது அவருக்குப் பின்னால், இடுப்பு உயரத்திலிருந்து.

"செத்த இருங்கப்பா. ஒண்ணு வந்திருச்சு, இன்னொண்ணு எட்ட மாட்டேங்குது."

பெரிய துரை திரும்பினார். விசாலம் ஆச்சி தரையில் குந்தியிருந்தார். லிப்டின் வலைக்கதவு வழியாகவும் அதற்கு அப்பால் இருந்த வாசல் கம்பிக்கதவு வழியாகவும் வலது கையைத் தோள்பட்டைவரை வெளியே விட்டு, தரையில் துழாவிக்கொண்டிருந்தார். பினாங்கு வந்து வாங்கிய புதுச் செருப்பு; விட்டுப் போக மனசு வரவில்லை. ஒன்று அவர் மடியில் இருந்தது.

பெரிய துரை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கைக்கு மேலே வாசல் கதவில் குறுக்காக ஓடிய இரும்புச் சட்டத்தைப் பார்த்தார். லிப்டு ஓர் அடி ஏறியிருந்தால் அந்தச் சட்டமும் கையும் எங்கே சந்தித்திருக்கும் என்பதைக் கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆச்சிக்கு இரண்டாவது செருப்பும் கிடைத்தது. கையை இழுத்தார், வளையல்கள் வலையில் மாட்டின, ஒவ்வொன்றாக விடுவித்து, நிதானமாக எழுந்து நின்றார். செருப்பு ஜோடியை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எல்லாரும் எனக்காகவா நிக்கறீக?"

"ஆமா ஆச்சி," என்றார் கனி. "தயார்னா வலது கையைத் தூக்குங்க."

ஆச்சி தூக்கினார். ஹார்லண்டு துரை இப்போது ஒளிக்காமல் தூக்கினார். கனி கைப்பிடியைத் தொடாமல் மூன்றாவது கைக்காக நின்றார்.

பெரிய துரை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வலது கை மெல்ல மேலே வந்தது; மார்பு உயரத்தில் தயங்கியது. கனி மரியாதையாகக் காத்திருந்தார். கை இன்னும் கொஞ்சம் ஏறி, தோளைத் தாண்டி, தொப்பி விளிம்பைத் தொட்டு நின்றது.

லிப்டு கிளம்பியது. இரண்டாம் மாடியில் மயிரிழை பிசகாமல் நின்றது. துரைகள் இருவருக்கும் நாலாம் மாடி. ஆச்சி மட்டும் இறங்கினார். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டே, கனியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏந்தம்பி, அந்தப் பெரிய தொரை எதுக்குக் கையைத் தூக்கினாரு?"

"கெளம்ப உத்தரவு கேட்டாரு, ஆச்சி," என்றார் கனி. "கொடுத்துட்டேன்."